ஏழரை

பெயர் வைக்க உட்கார்ந்தபோது
லட்சுமி போயிருந்தாள், மயூரி போயிருந்தாள்.
சலங்கை, சிலம்பு, கிண்கிணி,
எதைத் தட்டினாலும் யாரோ ஒருவர்
பதினான்காம் வகுப்பில் முன்பே இடம்பிடித்திருந்தார்.
நகைகளுக்கு அந்த வகுப்பாம்.
நான் படித்தது பன்னிரண்டு வரைதான்.

முதன்முதலில் விற்ற ஜோடி ஏழரை அங்குலம்,
ராசிபுரத்தில் ஒரு குழந்தைக்கு.
சும்மா அடித்துப் பார்த்தேன்: ஏழரை.
ஒருவரும் இல்லை.
எப்படி இருப்பார்கள்?
சனியை வரவழைத்துக் காலில் கட்டிக்கொள்கிற பைத்தியம்
சிவதாபுரத்தில் என்னைத் தவிர யார்?

பற்றவைப்புக்கு வரும் செங்கோடன்
அன்று முழுக்கச் சிரித்தான்.
கொக்கியின் நாக்கில் இரண்டு மில்லிமீட்டர் இடம்.
ஏயும் ரையும் அடங்கிவிட்டன.
ழவின் வால் மட்டும் படிய மறுத்தது.
லேசர்காரர் பதினோரு கொக்கிகளைப் பாழாக்கிவிட்டு
டீ குடிக்கப் போனார்.

அட்சய திருதியைக்கு முந்தின வாரம்
நட்சத்திரங்கள் உதிரத் தொடங்கின.
'மூணே நாளில் கறுத்துடுச்சு.'
'பிள்ளை காலில் தடிப்பு.'
'பெயருக்கேத்த பொருள்.'
அது என் பொருள் இல்லை.
என் பக்கத்திலேயே, என் படத்தின் கீழேயே
வேறொரு கடை ஏறி உட்கார்ந்து
முந்நூறு ரூபாய் குறைத்து விற்கிறது.

படத்தில் இருப்பது என் இடது கால்.
கணுக்காலுக்கு மேலே சைலன்சர் சுட்ட தழும்பு,
புளியங்கொட்டை அளவு.
முகம் தெரியாத ஒருவன்
என் காலைக் காட்டித் தகரம் விற்கிறான்.

"பிராண்டைப் பதிவு பண்ணியிருக்கீங்களா மேடம்?"
"அந்தக் கால் என்னுதும்மா."
"காலுக்கு எங்ககிட்ட பிரிவு இல்லைங்க மேடம்."

பண்ணினேன்.
விண்ணப்ப எண், கையில் பிடித்த கொலுசு,
கொக்கியில் பெயர் தெரியும்படி ஆறு படங்கள்.
கடைசியில் ஒரு குறியீடு அனுப்புவார்களாம்,
எனக்கல்ல, அரசுப் பதிவேட்டில் யார் மின்னஞ்சல் உண்டோ அவருக்கு.
அவர் அஸ்தம்பட்டி ஏஜென்ட் ஞானசிகாமணி.
அவர் ஏற்காட்டில், மலர்க் கண்காட்சியில்.
போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

ஸ்கூட்டியை எடுத்தேன். இருபது வளைவுகள்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
வண்டி இருமி நின்றது.
எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போட்டுவிட்டு
சுவரில் சாய்ந்து தனியாகச் சிரித்தேன்.
ஒரு குரங்கு என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

படகு வரிசையில் நின்றிருந்தார் ஏஜென்ட்,
மிளகாய்த்தூள் தடவிய சோளக்கதிரோடு.
"என்னமோ வந்துச்சும்மா, விளம்பரம்னு அழிச்சுட்டேன்."
குப்பையில் கிடந்தது குறியீடு,
ஒரு வங்கிக் கடனுக்கும் முடி உதிர்வு எண்ணெய்க்கும் இடையில்.
எண்களை அவர் வாசிக்க வாசிக்க
ஒற்றைக் கோடு டவருக்காக
கையை உயர்த்தியபடியே நான் அடித்தேன்.
ஏரியில் யாரோ என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

பதினோராம் நாள் அந்தக் கடை இல்லை.
என் கால் எனக்குத் திரும்பியது.

அடுத்த வியாழன் ஒன்று முளைத்தது: எழரை.
நெடிலைக் குறிலாக்கியிருந்தார்கள்.
படத்தையும் திருப்பிப் போட்டிருந்தார்கள்,
தழும்பு இப்போது வலது காலில்.
மறுபடி புகார்ப் படிவம். மறுபடி ஆறு படங்கள்.
ஏழரை ஒரே சுற்றில் விடுவதில்லை,
பெயர் வைத்தவளுக்குத் தெரியாதா.

சாட்சிக்கென்று நானே காசு கட்டி வாங்கிய போலி ஜோடி
இழுப்பறையில் கறுத்துக் கிடக்கிறது.
பில் புத்தகம் எடுக்கும்போதெல்லாம் ஒலிக்கிறது.
வெளியே சொல்ல முடியாது,
அதன் மணி என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

செங்கோடனிடம் கொடுத்தேன்.
காதருகே வைத்து ஆட்டினான், இன்னொரு முறை ஆட்டினான்.
"உள்ள உருண்டை சிறுசுக்கா."
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு அவன் சாமணத்தை எடுத்தான்.